லாரி ஓடும் நேரமும் லாரி நிற்கும் நேரமும்

கேள்வி இதுதான்: சாலைக்கும் ரயிலுக்கும் துறைமுகத்துக்கும் அரசு ஆண்டுதோறும் லட்சக்கணக்கான கோடி ரூபாய் செலவிடுகிறது, அதனால் இந்தியப் பொருளாதாரம் உண்மையிலேயே வளர்கிறதா, அல்லது தொழில் ஏற்கெனவே வளரும் இடத்தைத் தேடிச் சாலை பின்னால் போகிறதா? இரண்டும் நடக்கின்றன என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் எது எங்கே, எந்த அளவுக்கு நடக்கிறது என்பதைப் பார்க்க வேண்டுமானால், எத்தனை கிலோமீட்டர் போட்டார்கள் என்ற கணக்கைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு சரக்கு புறப்பட்ட இடத்திலிருந்து சேர வேண்டிய இடம் வரை எங்கெங்கே எவ்வளவு நேரம் நிற்கிறது, அப்படி நிற்பதற்கான பணத்தை யார் கொடுக்கிறார்கள் என்று பார்ப்பதே சரியான வழி என்பது என் கருத்து.

2017க்கு முந்தைய வாளையாற்றை எடுத்துக்கொள்வோம். கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்குப் போகும் வழியில், தமிழகமும் கேரளமும் சந்திக்கும் அந்தச் சோதனைச்சாவடியின் முன் லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் வரிசை கட்டி நிற்கும். ஓட்டுநர் வண்டிக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்திருப்பார். கிளீனர் பில், பெர்மிட், வரிப் படிவங்கள் அடங்கிய கட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய் நிற்பார். சாலையில் குறை ஒன்றும் இருக்காது. ஆனால் ஒரு மணி நேரத்தில் கடக்க வேண்டிய தூரத்துக்கு அரை நாள் போய்விடும். அந்த அரை நாளுக்கான வண்டிக் கடன் தவணை, ஓட்டுநரின் பேட்டா, அழுகும் காய்கறியின் இழப்பு எல்லாம் லாரி வாடகையில் ஏறி, கடைசியில் கேரளத்துச் சந்தையில் அந்தப் பொருளை வாங்குபவரின் தலையில் விடிந்தன. 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்த சில நாள்களுக்குள் 22 மாநிலங்கள் வணிகவரிச் சோதனைச்சாவடிகளை அகற்றின. 2018 ஏப்ரல் முதல் மாநிலங்களுக்கு இடையிலான சரக்குக்கு, விவரங்களை இணையத்தில் பதிந்து எடுக்கும் மின்வழிச் சீட்டு (இ-வே பில்) வந்தது. 2021 பிப்ரவரியில் சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேக் கட்டாயமானது. ஒரு புதிய கிலோமீட்டர் சாலைகூடப் போடாமல் லாரி ஓடும் நேரத்தை நீட்டிய மாற்றங்கள் இவை. உள்கட்டமைப்பு என்றாலே சிமெண்டும் தாரும் என்று நினைப்பவர்கள் இதை முதலில் கவனிக்க வேண்டும்.

காத்திருப்பு குறைந்தால் தொழிற்சாலைக்குள் என்ன மாறுகிறது என்பதற்கு நல்ல சான்று தங்க நாற்கரச் சாலை. டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா ஆகிய நான்கு நகரங்களை இணைக்கும் 5,846 கிலோமீட்டர் நீளச் சாலை அது. சாலை அகலமான பிறகு அதன் ஓரத்து நகரங்களில் இருந்த தொழிற்சாலைகள் தங்கள் மூலப்பொருள் கையிருப்பைக் குறைத்துக்கொண்டன என்று ஆய்வில் தெரியவந்தது. இது சிறிய செய்திபோலத் தோன்றலாம். ஆனால் லோடு நாளை வருமா நாலு நாள் கழித்து வருமா என்று தெரியாதவர்தான் கிடங்கில் பத்து நாள் சரக்கைப் போட்டு வைப்பார். அந்தச் சரக்குக்கு வங்கியில் வட்டி ஓடும். சாலை நம்பகமானதும் அந்தப் பணம் விடுபட்டு இயந்திரத்துக்கோ கூலிக்கோ போகிறது. சராசரி வேகம் கூடியதைவிட, சொன்ன நாளில் சரக்கு வந்து சேரும் என்ற உறுதிதான் இங்கே பெரிய லாபம். மேலும், நாற்கரச் சாலைக்குப் பத்து கிலோமீட்டருக்குள் இருந்த மாவட்டங்களில் உற்பத்தித் தொழில் மற்ற இடங்களைவிட வேகமாக வளர்ந்தது என்று இன்னொரு ஆய்வு காட்டியது. அந்த வளர்ச்சியில் எவ்வளவு புதிதாகப் பிறந்தது, எவ்வளவு தள்ளியிருந்த ஊர்களிலிருந்து சாலையோரத்துக்கு நகர்ந்து வந்தது என்பது வேறு கேள்வி. நாட்டுக் கணக்கில் இந்த இரண்டும் ஒன்றல்ல.

கிராமச் சாலைகளின் கதை இதிலிருந்து மாறுபடுகிறது. 2000 டிசம்பர் 25 அன்று தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம், சமவெளியில் 500 பேருக்கு மேலும் மலைப்பகுதியில் 250 பேருக்கு மேலும் வாழும், சாலை இணைப்பே இல்லாத குடியிருப்புகளுக்கு எல்லாப் பருவத்திலும் போய்வரக்கூடிய சாலையைக் கொடுக்க முனைந்தது. சாலை வந்தால் விளைச்சல் கூடும், கிராமத்தில் கடையும் தொழிலும் பெருகும் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. ஆனால் தரவுகளைக் கூர்ந்து பார்த்த ஆய்வாளர்கள் கண்டது வேறு. சாலை வந்த ஊர்களில் மக்கள் வயல் வேலையை விட்டு வெளியே கூலி வேலைக்குப் போனார்கள். பயிர் முறையிலும், வீட்டு வருமானத்திலும், சொத்திலும் பெரிய மாற்றம் தென்படவில்லை. எனக்கு இது ஏமாற்றமாகத் தெரியவில்லை. நள்ளிரவில் பிரசவ வலி வந்தால் வண்டி வாசல் வரை வரும் என்பதற்காகவே அந்தச் சாலையைப் போடலாம். ஆனால் அதைத் தொழில் வளர்ச்சித் திட்டம் என்று விற்றால் கணக்கு இடிக்கும்.

ரயிலுக்கு வருவோம், இங்கேதான் விஷயம் ஆழமானது. 1853 ஏப்ரல் 16 அன்று பம்பாயின் போரிபந்தரிலிருந்து தாணே வரை 34 கிலோமீட்டர் ஓடியது முதல் பயணிகள் ரயில். தெற்கில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை பாதை திறக்கப்பட்டது. போட்ட முதலுக்கு ஆண்டுக்கு 5 விழுக்காடு வருமானம் உறுதி என்று பிரிட்டிஷ் கம்பெனிகளுக்கு வாக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. ரயில் நட்டத்தில் ஓடினால் அந்தப் பற்றாக்குறையை இந்திய வரிப்பணம் ஈடுகட்டியது. பாதைகள் பெரும்பாலும் துறைமுகத்தை நோக்கிப் போயின. பருத்தி வெளியே போகவும் துணி உள்ளே வரவும் அது வசதி. அப்படியிருந்தும், காலனிய ஆவணங்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வின்படி, ரயில் சென்ற மாவட்டங்களின் உண்மையான வேளாண் வருமானம் சுமார் 16 விழுக்காடு உயர்ந்தது. யாருடைய நலனுக்காகப் போட்டார்கள் என்பதும் யாருக்குப் பயன்பட்டது என்பதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

ஆனால் இதே ரயில்தான் தாது வருடப் பஞ்சத்தின்போதும் இருந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் மடிந்த காலத்தில், கப்பலில் வந்திறங்கிய தானியத்தை உள்மாவட்டங்களுக்கு ஏற்றிச்செல்ல ரயில்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. நிலையம் வரை வந்த தானியத்தையும் கையில் காசில்லாதவர்களால் வாங்க இயலவில்லை. ரயில், விலை அதிகமாகக் கிடைக்கும் இடத்துக்குத் தானியத்தைக் கொண்டுபோகும்; பசி அதிகமாக இருக்கும் இடத்துக்கு அது தானாகப் போகாது. பிறகு வந்த 1880ஆம் ஆண்டுப் பஞ்ச ஆணையம் இன்னும் அதிகப் பாதைகள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை தவறில்லை, ஆனால் அது பாதிக் கதை.

ஆங்கிலேயர் விட்டுச்சென்ற இன்னொரு சுமை, தண்டவாளங்களுக்கு இடையிலான அகலத்தில் அகலப்பாதை, மீட்டர் பாதை, குறுகிய பாதை என்ற வேறுபாடு. சென்ட்ரலில் இருந்து அகலப்பாதை, எழும்பூரில் இருந்து மீட்டர் பாதை என்று ஒரே ஊரில் இரண்டு உலகம் இருந்ததை வயதானவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். பயணி பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிலையம் மாறிவிடலாம். சிமெண்ட் மூட்டை அப்படி மாறாது. பாதை மாறும் இடத்தில் ஒரு வண்டியிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்ற வேண்டும். ஏற்றுகூலி, இறக்குகூலி, கிழிந்த மூட்டை, கூடவே இரண்டு நாள் காத்திருப்பு. 1992இல் ஒரே அகலத்துக்கு மாற்றும் பெருந்திட்டம் தொடங்கியது. புதிய ஊர் எதையும் இணைக்காத அந்தத் திட்டத்துக்கு நாளிதழ்களில் பெரிய கொண்டாட்டம் இருந்ததில்லை.

போக்குவரத்தில் தண்டவாளம் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் அதன் கட்டணம். இதற்கு இந்தியாவில் கிடைக்கும் மிகப் பெரிய பாடம் சரக்குக் கட்டணச் சமன்பாட்டுக் கொள்கை. 1950களில் கொண்டுவரப்பட்டு 1990களின் முற்பகுதி வரை நீடித்த இந்தக் கொள்கைப்படி, எஃகு போன்ற பொருள்கள் நாட்டின் எந்த ரயில் நிலையத்திலும் ஒரே விலைக்குக் கிடைத்தன. ஜாம்ஷெட்பூரில் உருக்கிய இரும்பை ஜாம்ஷெட்பூரிலேயே வாங்கினாலும், இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி வாங்கினாலும் ஒரே விலைதான். தொலைதூரத்துக்கான ரயில் செலவு எல்லோர் விலையிலும் பரப்பி வசூலிக்கப்பட்டது. நாடு முழுதும் தொழில் பரவ வேண்டும் என்ற நோக்கம் நல்லதுதான். ஆனால் நிலக்கரியும் இரும்புத்தாதுவும் பக்கத்திலேயே இருந்ததுதான் பிகார், வங்காளம், ஒடிசா ஆகிய கிழக்கு மாநிலங்களுக்கு இயற்கை கொடுத்திருந்த ஒரே பெரிய வாய்ப்பு. அது ஒரு கட்டண விதியால் கைநழுவியது. பொறியியல் தொழில்கள் துறைமுகமும் சந்தையும் இருந்த மேற்கிலும் தெற்கிலும் வளர்ந்தன. பருத்திக்கு இப்படிச் சமன்பாடு கிடையாது என்பதால், வங்காளத்து ஆலைக்காரர் மேற்கிந்தியப் பருத்திக்கு முழுத் தூரச் செலவையும் கொடுத்தார்.

தமிழகத்தில் நாம் இதைப் பேசுவதில்லை. ஆதாயம் பெற்ற பக்கத்தில் இருப்பவர்களுக்கு இப்படிப்பட்ட விதிகள் கண்ணில் படுவதில்லை. கோயம்புத்தூரின் பம்ப், மோட்டார் தொழிலுக்கு 1930களில் வந்த பைகாரா மின்சாரமும், பஞ்சாலைகளைச் சுற்றி உருவான பட்டறைத் திறமையும் முதன்மைக் காரணங்கள் என்பதை மறுக்க முடியாது. ஆனாலும், தாதுவும் எஃகு ஆலையும் பக்கத்தில் இல்லாத ஓர் ஊரில் இரும்பை நம்பிய தொழில் தழைத்தபோது, அந்த இரும்பின் பயணச் செலவில் ஒரு பங்கைக் கிழக்கு இந்தியா கொடுத்துக்கொண்டிருந்தது.

இப்போது இதே போன்ற இன்னொரு கட்டணக் கதை ரயிலுக்குள்ளேயே ஓடுகிறது. பயணச் செலவில் சராசரியாக 57 விழுக்காடு மட்டுமே கட்டணமாக வசூலாகிறது என்று ரயில்வே தன் பயணச்சீட்டிலேயே அச்சடித்திருந்ததைப் பலர் படித்திருப்பார்கள். மீதியை ஈடுகட்டுவது சரக்கு. ரயில்வேயின் வருவாயில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சரக்கிலிருந்து வருகிறது. 2023-24இல் ஏற்றிய சுமார் 159 கோடி டன்னில் ஏறக்குறையப் பாதி நிலக்கரி. பயணிக்குக் கொடுக்கும் சலுகை, நிலக்கரி வாடகையாகி, மின்கட்டணத்துக்குள் ஒளிந்துகொண்டு திரும்ப அதே பயணியின் வீட்டுக்கு வருகிறது. ஏழைப் பயணிக்குச் சலுகை கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அதை நிதிநிலை அறிக்கையில் வெளிப்படையாகக் கொடுக்காமல் சரக்கின் மேல் ஏற்றினால், சரக்கு லாரிக்கு ஓடிவிடும். அதுதான் நடந்தது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் நாட்டின் சரக்கில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ரயிலில் போயிற்று. இன்று அது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது.

கட்டணம் மட்டும் காரணமில்லை. பயணிகள் ரயிலும் சரக்கு ரயிலும் ஒரே பாதையில் ஓடும்போது ஒதுங்கி நிற்பது எப்போதும் சரக்கு ரயில்தான். அதன் சராசரி வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரை ஒட்டியே பல காலம் கிடந்தது. ஓடும்போது வேகமாகத்தான் ஓடுகிறது, நிற்கும் நேரம்தான் சராசரியைக் கீழே இழுக்கிறது. இதற்காகவே சரக்குக்கென்று தனிப் பாதைகள் கட்டப்பட்டன. கிழக்குப் பாதை லூதியானா பக்கத்திலிருந்து பிகாரின் சோன்நகர் வரை 1,337 கிலோமீட்டர். மேற்குப் பாதை டெல்லி அருகே தாத்ரியிலிருந்து மும்பையின் ஜவாஹர்லால் நேரு துறைமுகம் வரை 1,506 கிலோமீட்டர். மேற்குப் பாதையில் மின்கம்பியை உயர்த்திக் கட்டியிருப்பதால், மின்சார இன்ஜின் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டடுக்குக் கன்டெய்னர்களை இழுத்துக்கொண்டு போகிறது. சரக்கு வண்டி விலகியதால் பழைய பாதையில் பயணிகள் ரயிலுக்கும் மூச்சு வருகிறது.

ஆனாலும் லாரியை ரயில் முழுவதுமாக வெல்ல முடியாது, வெல்லவும் தேவையில்லை. நாமக்கல் முட்டை கேரளத்துக்குப் போவதற்கு ரயில் உதவாது. பண்ணை வாசலில் ஏற்றி, விடிவதற்குள் கடை வாசலில் இறக்க வேண்டிய பொருள் அது. ஆனால் உப்பு, சிமெண்ட், உரம், நிலக்கரி போன்றவை நெடுந்தூரம் லாரியில் போவது வீண். நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் இரண்டு விழுக்காட்டை ஒட்டிய தேசிய நெடுஞ்சாலைகள் சுமார் 40 விழுக்காடு போக்குவரத்தைச் சுமக்கின்றன. அவற்றின் மீது ஏறும் பாரமும் லேசானதில்லை. 2018இல் மூன்று அச்சு லாரிக்கான மொத்த எடை வரம்பு 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்த்தப்பட்டது. ஒரே வாடகையில் கூடுதல் லோடு என்பதால் லாரிக்காரருக்கு அன்று அது நல்ல செய்தி. ஆனால் சாலைப் பொறியாளர்களின் பழைய விதி ஒன்று உண்டு: அச்சின் மேல் பாரம் இரண்டு மடங்கானால் சாலைக்கு ஏற்படும் சேதம் ஏறத்தாழ பதினாறு மடங்காகும். அந்தச் சேதத்துக்கான பில் லாரிக்காரரிடம் போவதில்லை. சில ஆண்டுகள் கழித்துப் பராமரிப்புச் செலவாக எல்லோருக்கும் வருகிறது. 2023இல் சாலை விபத்துகளில் இறந்த ஏறத்தாழ 1.72 லட்சம் பேரும் இந்தப் போக்குவரத்து முறையின் செலவில் சேர்ந்தவர்களே; சாலைத் திட்ட அறிக்கைகளில் அந்தச் செலவு அடிக்குறிப்பாகவே நின்றுவிடுகிறது.

உள்நாட்டு நீர்வழிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 111 நீர்வழிகளைத் தேசிய நீர்வழிகளாக அறிவித்தது; கோடையில் தண்ணீர் இருக்கும் ஆறுகளின் பட்டியல் அதைவிடச் சிறியது. கடலோரக் கப்பல் போக்குவரத்து அப்படியில்லை. ஒடிசாவின் தால்சேர் சுரங்கத்து நிலக்கரி ரயிலில் பாரதீப் போய், அங்கிருந்து கப்பலில் எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வந்து, தமிழகத்தின் அனல்மின் நிலையங்களில் எரிகிறது.

பணத்தின் பக்கம் ஒரு வார்த்தை. 2025-26 மத்திய நிதிநிலை அறிக்கையின் மூலதனச் செலவு 11.21 லட்சம் கோடி ரூபாய். அதில் ஏறத்தாழப் பாதி ரயிலுக்கும் சாலைக்கும். அரசே இவ்வளவு போடுவதற்கு ஒரு வரலாறு உண்டு. 2000களின் பிற்பகுதியில் தனியார் கட்டி, சுங்கம் வசூலித்து, பிறகு ஒப்படைப்பது என்ற முறையில் ஏராளமான சாலைகள் ஏலம் போயின. போக்குவரத்து மதிப்பீடுகள் கணித்த அளவுக்கு வண்டிகள் வரவில்லை, நிலம் கைக்கு வர ஆண்டுகள் ஆயின, கடன் கொடுத்த பொதுத்துறை வங்கிகளில் வாராக்கடன் குவிந்தது. நிலத்தைப் பொறுத்தவரை, 2013ஆம் ஆண்டுச் சட்டம் ஊரகப் பகுதியில் சந்தை விலையைப்போல் நான்கு மடங்கு வரை இழப்பீடு தர வழிசெய்தது. சேலம்–சென்னை எட்டுவழிச் சாலைக்கான நில எடுப்பை 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் ரத்து செய்ததும், 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அரசின் அதிகாரத்தைப் பெருமளவு உறுதிசெய்ததும் பலருக்கு நினைவிருக்கும். அந்த வழக்கில் என்னைக் கவர்ந்தது, தென்னையும் கிணறும் இழக்கப்போகும் விவசாயி கேட்ட மிக எளிய கேள்வி: ஏற்கெனவே இருக்கும் சாலையில் வண்டி எங்கே நிற்கிறது, அதைச் சரிசெய்தால் போதாதா? அதற்கு ஒவ்வொரு திட்டத்திலும் எண்ணோடு பதில் சொல்ல வேண்டியது அரசின் கடமை.

எண்களைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. இந்தியாவின் சரக்குப் போக்குவரத்துச் செலவு உள்நாட்டு உற்பத்தி மதிப்பில் 13 முதல் 14 விழுக்காடு என்று பல ஆண்டுகள் எல்லா மேடைகளிலும் சொல்லப்பட்டது. 2025இல் வெளியான அரசு சார்ந்த ஆய்வு, 2023-24க்கு அது 7.97 விழுக்காடு என்று கணக்கிட்டது. சாலைகள் ஓரிரவில் மேம்பட்டுவிட்டதாக இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது; அளக்கும் முறை மாறியிருக்கிறது. பழைய எண்ணை வைத்துச் சீனாவோடு ஒப்பிட்டவர்களும், புதிய எண்ணை வைத்துச் சாதனை பேசுபவர்களும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள்.

கடைசியாகத் துறைமுகம். திருப்பூரில் ஒரு கன்டெய்னரில் பின்னலாடைப் பெட்டிகளை அடுக்கிச் சீல் வைத்து, கப்பலுக்குக் கொடுத்த நேரக்கெடுவுக்குள் தூத்துக்குடி துறைமுக வாசலைத் தொட லாரி இரவோடு இரவாகப் புறப்படுகிறது. அங்கே ஏறும் சிறிய ஃபீடர் கப்பல் பெரும்பாலும் கொழும்புக்குத்தான் போகிறது. அங்கே பெட்டி இறங்கி, நெடுந்தூரம் போகும் பெரிய தாய்க்கப்பல் வரும்வரை காத்திருந்து, பிறகு ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ ஏறுகிறது. அந்த இறக்கு, ஏற்று, காத்திருப்பு மூன்றுக்கும் ஏற்றுமதியாளர் டாலரில் பணம் கட்டுகிறார். கப்பல் தவறினால் விமானத்தில் அனுப்பி லாபம் முழுவதையும் இழக்கிறார். இப்படி நடுவழியில் கப்பல் மாறும் இந்தியாவின் இடைமாற்றுச் சரக்கில் முக்கால் பங்கு கொழும்பு, சிங்கப்பூர் போன்ற அயல்நாட்டுத் துறைமுகங்களில் கையாளப்பட்டு வந்ததற்கு, பெரிய கப்பல் வந்து நிற்கும் ஆழம் நம் துறைமுகங்களில் குறைவாக இருந்ததும், அனைத்துலகக் கப்பல் பாதையிலிருந்து அவை விலகி இருந்ததும் காரணங்கள். திருவனந்தபுரம் அருகே விழிஞ்ஞத்தில் இயற்கையாகவே ஏறத்தாழ 20 மீட்டர் ஆழம் இருக்கிறது. கப்பல் பாதையும் பக்கத்திலேயே செல்கிறது. 2024 ஜூலையில் அங்கே முதல் தாய்க்கப்பல் வந்தது; 2025 மே மாதம் துறைமுகம் முறைப்படி திறக்கப்பட்டது. ஆனால் அன்று அங்கே ரயில் இல்லை. பலராமபுரத்தில் பிரதான பாதையோடு இணைக்க வேண்டியது 10.7 கிலோமீட்டர்தான், அதில் பெரும்பகுதி சுரங்கம். அது முடியும்வரை விழிஞ்ஞம், கப்பலிலிருந்து கப்பலுக்கு மாற்றும் இடமாகவே பெரிதும் இயங்கும். திருப்பூர் லாரி தூத்துக்குடிக்கே போகும்.